கடை காலியாகும் முன் எதை இறக்குவது? பாட்டுக் கோப்புகள் குறித்துக் கேள்வி பதில்

சந்தா கட்டி, பாட்டைக் கோப்பாகவே இறக்கி வைத்துக்கொள்ளும் சேவைகளில் ஆல்பங்கள் மாதாமாதம் குறைந்து வருகின்றன. மிச்சம் இருப்பதில் உருப்படியானதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. கேட்டவர்களில் பெரும்பாலோர் கர்நாடக இசை, பழைய திரைப்பாட்டுப் பக்கம் என்பதால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஈசூன்: அண்ணே, விருப்பப் பட்டியலில் போட்டு வைத்ததில் பாதியைக் காணோம். ஒவ்வொன்றாகவா எடுக்கிறார்கள்?

இல்லை. போனால் லேபிளோடு, அதாவது பாட்டை வெளியிட்ட நிறுவனத்தோடு, கூண்டோடு போகும். ஒப்பந்தம் லேபிளுடனோ அதன் விநியோகஸ்தருடனோதான். அது முடிந்த இரவே அத்தனை ஆல்பமும் மறைந்துவிடும். இப்படிச் சந்தாவுக்குக் கோப்பு தரும் ஈமியூசிக் 2014 அக்டோபரில் பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டுச் சுயேச்சை லேபிள்களோடு மட்டும் நிற்பது என்று முடிவெடுத்தபோது நடந்ததும் இதுதான். ஆகவே விருப்பப் பட்டியலைப் பாடகர் வாரியாக வைக்காதீர்கள், லேபிள் வாரியாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு லேபிளும் வேறு எங்காவது கோப்பு விற்கிறதா என்று பாருங்கள். சொந்தத் தளத்திலோ பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையிலோ இருந்தால் அது கடைசி வரிசை. ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் லேபிள் மாதிரி பழைய பட்டியலை விற்பனையிலேயே வைத்திருப்பதைக் கொள்கையாகக் கொண்டவர்களுக்கு அவசரமே வேண்டாம். இந்தக் கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காத சின்ன லேபிளுக்குத்தான் இந்த மாதக் கிரெடிட், அதாவது சந்தாவில் கிடைக்கும் பதிவிறக்கக் கணக்கு.

தெம்பனிஸ்: தேடல் பெட்டியில் வித்வான் பெயரை அடித்தால் இரண்டோ மூன்றோதான் வருகிறது. அவ்வளவுதானா இருக்கிறது?

இன்னும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் மறைக்கிறது. நம் 'த' ஒரு லேபிளுக்கு டி, இன்னொன்றுக்கு டிஎச். 'ழ' ஒருவருக்கு இசட்எச், இன்னொருவருக்கு வெறும் எல். தலைப்பெழுத்துகளைப் புள்ளி வைத்து, புள்ளி இல்லாமல், இடைவெளி விட்டு, ஒட்டி என்று நாலு விதமாக ஏற்றியிருப்பார்கள். எளிய தேடல் பெட்டிக்கு இவை நாலும் நாலு ஆட்கள்.

அதனால் பெயரை விட்டு, மாறாத சொல்லைப் பிடியுங்கள். ராகப் பெயரில் கல்யாணி, மோகனம் இரண்டும் அதிகம் சிதையாது. காம்போஜியை நம்ப வேண்டாம், பிஎச், ஜே, டிஎச் என்று பல வேஷம் போடும். நாகஸ்வரத்துக்கு நாதஸ்வரம் என்ற எழுத்துக்கூட்டலிலும் ஒரு தடவை தேட வேண்டும். இதைவிடப் பலன் தருவது பக்கவாத்தியக்காரர் பெயர். மிருதங்கத்துக்கு யார் என்று கொடுத்தால், பாடகர் பெயர் தப்பாக ஏறிய ஆல்பமும் சில சமயம் அகப்படும். ஒன்று கிடைத்ததும் அந்தப் பக்கத்தில் லேபிள் பெயரைச் சொடுக்கி, முழுப் பட்டியலையும் வெளியான தேதி வரிசையில் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். தேடலில் சிக்காதவை அங்கேதான் கிடக்கும்.

செங்காங்: மாதம் இத்தனை பாட்டு என்றுதான் கணக்கு. எதை எடுத்தால் கட்டுப்படியாகும்?

பாட்டுக்குப் பாட்டு விலை என்றால் நீளமான பாட்டுதான் லாபம். ராகம் தானம் பல்லவி ஆல்பம் ஒன்று மூன்றே பாட்டாக ஒரு மணி நேரம் ஓடும். பத்துத் துக்கடா, அதாவது சின்னப் பாட்டு, போட்ட ஆல்பம் அதே நேரத்துக்குப் பத்துக் கிரெடிட் தின்னும். கடைக்காரருக்கும் இது தெரியும். பத்து நிமிடத்தைத் தாண்டியதைப் பெரும்பாலும் 'முழு ஆல்பமாக மட்டும்' என்று பூட்டியிருப்பார்கள். பூட்டாமல் விட்டவை சின்ன லேபிள்களில்தான் அகப்படும்.

நேரக் கணக்கு இன்னொன்றும் சொல்லும்: மூலம் எது என்பதை. எல்லாப் பாட்டும் மூன்று, மூன்றரை நிமிடம் என்றால் 78 சுழற்சித் தட்டு. மொத்தம் 40 முதல் 48 நிமிடம், நடுவில் ஏறக்குறைய பாதியாகப் பிரிகிறது என்றால் எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டு. 58, 60 நிமிடம் என்றால் கேசட், ஒரு பக்கம் 30 நிமிடம். 70-ஐத் தாண்டினால் சிடிக்கென்றே பதிந்தது, அல்லது இரண்டு எல்பியை ஒட்டியது. கச்சேரிப் பதிவா ஸ்டூடியோவா என்று குழம்பினால், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ எல்பியில் அதைக் கத்தரித்திருப்பார்கள், அல்லது இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பார்கள்.

ஜூரோங்: ஒரே பாடகருக்குப் பதினாலு 'பொற்காலப் பாடல்கள்' தொகுப்பு இருக்கிறது. எது அசல்?

பதினாலில் மூன்று தேறினால் அதிகம். இரண்டு தொகுப்பைப் பக்கத்தில் வைத்து, ஒரே பாட்டின் நேரத்தை விநாடி வரை ஒப்பிடுங்கள். 3:17-ம் 3:17-ம் என்றால் பெரும்பாலும் ஒரே மாஸ்டர் (மூலப் பதிவு), அட்டைதான் வேறு. 3:17-ம் 3:41-ம் என்றால் விஷயம் இருக்கிறது: ஒன்று படத்திலிருந்து எடுத்தது, மற்றது தட்டுக்கென்று பதிந்தது, இல்லையேல் வேறு யாரோ பாடிய மறுபதிவு. மாதிரியை இருபது விநாடி கேட்டால் மறுபதிவு தெரிந்துவிடும். தாள வாத்தியத்துக்குப் பதில் கீபோர்டு தட்டும்.

வட்டத்துக்குள் பி எழுத்துப் போட்ட ஆண்டைப் பாருங்கள், அது ஒலிப்பதிவு உரிமைக்கான ஆண்டு. 1950-களின் பாட்டுக்கு 2013 என்று போட்டிருந்தால், அது கோப்பாக ஏற்றிய நிறுவனத்தின் தேதியே தவிரப் பாடிய தேதி அல்ல. உண்மையான ஆண்டையும் தட்டின் எண்ணையும் டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விவரத் தளத்தில் சரிபார்க்கலாம்.

அங் மோ கியோ: 320 என்று போட்டிருக்கிறது, கேட்டால் தகரச் சத்தம். ஏமாற்றுகிறார்களா?

ஸ்பெக் என்ற இலவச நிரலில் கோப்பை இழுத்துப் போடுங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நேர்கோடு தெரிந்தால், 128 கிலோபிட் கோப்பை எடுத்து 320 ஆக ஊதியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நிஜமான 320 சுமார் 20 வரை போகும். இங்கே பலர் தடுக்கி விழுவது பழைய பதிவுகளில். 78 தட்டிலும் தேய்ந்த கேசட்டிலும் 8, 10-க்கு மேல் ஒன்றுமே இருக்காது. அது பழுதல்ல. பழைய பதிவு மேலே போகப் போக மங்கி மறையும், ஊதிய கோப்பு விளிம்பில் நிற்கும். விளிம்பைத்தான் தேட வேண்டும், உயரத்தை அல்ல.

தகரச் சத்தத்துக்கு வேறு காரணமும் உண்டு. மோனோ பதிவில் எதிரொலி சேர்த்து ஸ்டீரியோ என்று விற்பார்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த நிரலில் இரு பக்கத்தையும் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்து பாருங்கள். நிஜ மோனோ என்றால் மௌனம் வரும், எம்பி3 என்றால் லேசான கசகசப்பு மட்டும் மிஞ்சும். எதிரொலி மட்டும் தனியாக மிஞ்சினால் ஒட்டுவேலை.

உட்லண்ட்ஸ்: ஐயா, ஒரு ஆல்பத்தில் பாடகியின் குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருக்கிறதே?

கேசட் ஓடிய வேகம் தப்பு. தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் டியூனர் செயலியை வையுங்கள். கட்டை என்பது சுருதி உயரத்தின் அளவு, 1 கட்டை என்றால் டியூனரில் சி. பெண்கள் பெரும்பாலும் நாலரை முதல் 6 கட்டைக்குள், ஆண்கள் 1 முதல் 2 கட்டைக்குள். எம்.டி. ராமநாதன் மாதிரி அதற்கும் கீழே பாடியவர்கள் உண்டு என்பதால், அதே ஆளின் வேறு இரண்டு பதிவோடு ஒப்பிடாமல் முடிவு கட்ட வேண்டாம். அரைக் கட்டை ஏறியிருந்தால் ஆடாசிட்டியில் வேகத்தை 5.6 சதவீதம் குறையுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொடாதீர்கள், காலப்பிரமாணம் தப்பாகவே நிற்கும்.

பொங்கோல்: 9 வெள்ளி 99 காசு என்று போட்டிருந்தது, அட்டையில் கூடப் பிடித்திருக்கிறார்கள்.

2020 முதல் வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. இப்போது 9 சதவீதம், ஆக 10 வெள்ளி 89 காசு. ஆனால் உலக அளவில் ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்று, சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்கும் 1 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கும் நிறுவனம்தான் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும், சின்ன லேபிளின் சொந்தத் தளத்தில் வரி இல்லாமலும் போகலாம். அமெரிக்க டாலர் விலையை 'வெள்ளியில் கட்டவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் பொதுவாக மோசம்.

புக்கிட் பாத்தோக்: காரில் போட்டால் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. ஒரு படத்தின் பாட்டுகள் ஆறு ஆல்பமாகச் சிதறுகின்றன.

பாட்டுக் கோப்பின் பெயர் விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக் நிரலின் அமைப்பில் ஐடி3வி2.3, யூடிஎஃப்-16 என்று தேர்ந்து, கோப்புகளை மறுபடி சேமியுங்கள். பல கார் கருவிகளுக்கு 2.4 புரியாது. கருவியிலேயே தமிழ் எழுத்துரு இல்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது, ஆங்கில எழுத்தில் போட வேண்டியதுதான். சிதறலுக்குக் காரணம் பாடகர் பெயர்கள் வேறுவேறாக இருப்பது. 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரையே போடுங்கள்.

தேக்கா: எம்பி3யா, ஃபிளாக்கா? வட்டில் இடம் போதுமா?

தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பைக் கொடுத்தால் ஃபிளாக்தான். ஆலாபனை ஒரு பாட்டு, கீர்த்தனை அடுத்த பாட்டு என்று வெட்டிய ஆல்பத்தில், சில கருவிகளில் எம்பி3 இரண்டுக்கும் நடுவே விக்கும், ஃபிளாக்கில் அந்தப் பிரச்சினை குறைவு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 330 மெகாபைட், 320 எம்பி3 என்றால் 144. முக்கால் மணி ஆல்பம் 200 வைத்தாலும் ஃபிளாக்கில் 50 கிகாபைட்தான். இரண்டு வட்டில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஃபிளாக் கோப்புக்குள்ளேயே ஒலியைச் சரிபார்க்கும் எம்டி5 எண் இருப்பதால், இறக்கிய அன்றே சோதனைக் கட்டளை கொடுத்தால் உடைந்தது எது என்று சொல்லிவிடும். எம்பி3யை ஓட்டிக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும், குறிப்பாகக் கடைசி அரை நிமிடம். பாதியில் அறுந்த பதிவிறக்கம் அங்கேதான் தெரியும். கூடவே பிடிஎஃப் குறிப்பேடு இருந்தால் அதையும் மறக்காமல் எடுங்கள், வயலின் யார், கடம் யார் என்பது பல ஆல்பங்களில் அதில் மட்டும்தான் இருக்கிறது.