பத்துக்கு ஒன்பது பேர் ஒழுங்காகக் கட்டினார்களே?

வணக்கம் ஐயா,

2008 நெருக்கடி பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்காவில் வீட்டுக் கடன் தவணை தவறியவர்கள் உச்சத்தில்கூட பத்து சதவீதம் அளவில்தான் என்று எழுதியிருந்தீர்கள். மீதிப் பேர் ஒழுங்காகக் கட்டியிருக்கும்போது இத்தனை வங்கிகள் எப்படி விழுந்தன?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

நல்ல கேள்வி. அந்தப் பத்து சதவீதத்தை வங்கியின் சொந்த மூலதனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 டாலர் கடன் கொடுத்த வங்கியின் சொந்தப் பணம் அதில் ஏழோ எட்டோதான் இருக்கும், மற்றதெல்லாம் ஊரார் பணம். தவணை தவறிய கடன் முழுவதும் நட்டமாகிவிடாது, வீட்டை ஏலம் விட்டால் கொஞ்சம் தேறும். ஆனால் அப்போது வீட்டு விலையே சரிந்துகொண்டிருந்ததால் தேறியது குறைவு, மிச்ச நட்டம் அந்த ஏழெட்டு டாலரைத்தான் கடிக்கும்.

ஆனாலும் வாராக்கடன் வங்கியை நோயாளியாக்கும், அவ்வளவுதான். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்கும் வேகம். பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியில் தவணை தவறிய வீட்டுக் கடன்கள் அந்நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. ஆனால் அது திரட்டிய பணத்தில் பொதுமக்களின் டெபாசிட் கால் பங்கு அளவுக்குத்தான், மற்றதில் பெரும்பகுதி நிதிச் சந்தையில் கடனாகப் புரட்டியது. 2007 ஆகஸ்டில் சந்தை உறைந்ததும் புரட்ட வழியில்லை. செப்டம்பரில் அது அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்திடம் அவசர உதவி கேட்ட செய்தி கசிந்தது, கிளை வாசல்களில் கூட்டம் கூடிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் வீணாகப் பதறினார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அன்றைய விதிப்படி முதல் 2,000 பவுண்டுக்கு மட்டுமே முழு உத்தரவாதம். நானாக இருந்தாலும் போய் நின்றிருப்பேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மியூச்சுவல் வங்கி வேறு ரகம், அங்கே கடன்களும் சொத்தைதான். இருந்தும் கடைசி அடி 2008 செப்டம்பரில் பத்தே நாளில் வெளியேறிய 1,670 கோடி டாலர் டெபாசிட். 25ஆம் தேதி மூடிவிட்டார்கள்.

அப்புறம், 2009இல் 140, 2010இல் 157 அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டன. பெரும்பாலும் சின்ன வங்கிகள். ஜார்ஜியா மாநிலத்தில் மட்டும் ஏகப்பட்டவை. அவற்றில் பலவற்றைக் கவிழ்த்தது மனை வாங்கி வீடு கட்டி விற்கக் கிளம்பிய பில்டர்களுக்குக் கொடுத்த கடன். வீடு விற்கவில்லை, பணம் திரும்பவில்லை. இந்தக் கடன்கள் நீங்கள் சொல்லும் பத்து சதவீதக் கணக்கில் வரவே வராது.