கார் விபத்து ரிப்பேர் பில் 62,000 ரூபாய். இன்சூரன்ஸ் 47,000 தான் தருவோம் என்கிறார்கள். இது சரியா?

ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் கூடுதல் வசதி) சேர்க்காத காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (சொந்த வண்டிச் சேதத்துக்கும் பணம் தரும் பாலிசி) என்றால் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வாய்வார்த்தையை நம்பாமல், சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் போட்ட மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

மூன்றரை வயதான 1200 சிசி கார் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 8,000, ஹெட்லைட் 10,000. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு வண்டி புதிதாக இருந்தாலும் 50 சதவீதத் தேய்மானம் உண்டு; இரண்டுக்கும் சேர்த்து 9,000 கிடைக்கும். பானட் 12,000. உலோகத்துக்கு வண்டியின் வயதுதான் கணக்கு. 3 முதல் 4 வயது வரை 25 சதவீதம் போகும், மீதி 9,000. முன்கண்ணாடி 7,000, கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. டிங்கரிங் கூலி 9,000 முழுசாக வரும். பெயின்டிங் 16,000 ஒரே தொகையாக பில் போட்டிருந்தால், கால் பங்கை மட்டும் பெயின்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிக்க வேண்டும். 2,000 போக 14,000. மொத்தம் 48,000. ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 போனால் 47,000. 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு அந்தப் பிடித்தம் 2,000.

தவறு நடக்கும் இடங்களும் இவைதான். பெயின்டிங் பில் முழுவதிலும் பாதியை வெட்டியிருப்பார்கள். பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தைப் பம்பரோடு சேர்த்து பிளாஸ்டிக் கணக்கில் போட்டிருப்பார்கள். வண்டியின் வயதை ஒரு படி கூட்டியிருப்பார்கள். இவற்றை ஈமெயிலில் வரி எண்ணோடு எழுதிக் கேளுங்கள். போனில் பேசியதற்கு எந்த ஆதாரமும் இருக்காது.

பணம் பெரும்பாலும் போவது இன்னொரு இடத்தில். பானட்டைக் கழற்றிய பிறகுதான் ரேடியேட்டர், கண்டென்சர், சேஸிஸ் முனை அடிபட்டது தெரியவரும். முதல் எஸ்டிமேட்டில் இல்லாத எதையும் ஒர்க்‌ஷாப் மாற்றுவதற்கு முன் சப்ளிமென்டரி (கூடுதல்) எஸ்டிமேட் அனுப்பி, சர்வேயர் அதைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிவிட்டு பில் கொடுத்தால் அந்தப் பாகம் கணக்கில் ஏறாது. கழற்றிய பழைய பாகங்களையும் மறு ஆய்வு முடியும்வரை தூக்கிப் போட விடாதீர்கள்.

அடிபட்ட காரை ஓட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். கூலன்ட்டோ ஆயிலோ ஒழுகிய நிலையில் ஓட்டி எஞ்சின் பிடித்துக்கொண்டால், அது மோதலால் வந்த சேதம் இல்லை, பிறகு ஓட்டியதால் வந்தது என்று மறுத்துவிடுவார்கள். அந்த மறுப்பை உடைப்பது மிகக் கடினம். வண்டியை இழுத்துச் செல்லும் செலவை வழக்கமான பாலிசி 1,500 ரூபாய் வரை தரும்.

தொகையில் உடன்பாடு இல்லையென்றால், ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற வாசகம் உள்ள தாளில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பாலிசி நகல், இரண்டு எஸ்டிமேட்டுகள், சர்வே ரிப்போர்ட், ஈமெயில்கள், இவற்றோடு மேலே போட்டது போல நீங்களே எழுதிய ஒரு பக்கக் கணக்கையும் இணைத்து அனுப்புங்கள்.