டிராயிங்கை மாற்றும் அதிகாரம் யாருக்கு?

கேள்வி: கோவையில் நீர்மூழ்கி பம்பு தயாரிக்கும் சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரை கன்மெட்டலில் (வெண்கல வகை) செய்ய வேண்டும் என்று டிசைன் பிரிவு டிராயிங் கொடுத்தது. விலை குறைவு என்று பர்ச்சேஸ் பிரிவு நோரில் என்ற பிளாஸ்டிக்கில் செய்ததை வாங்கியது. உற்பத்திப் பிரிவு அதையே மாட்டி அனுப்பிவிட்டது. இப்போது ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள். சாஃப்ட்வேர் வாங்கினால் தீரும் என்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மாற்றத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட உங்களிடம் ஆள் இல்லை. அந்த ஆளை ஏஜென்ட் விற்க மாட்டார்.

ஏர்பஸ் ஏ380 விமானம் தாமதமானதற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் ஹாம்பர்க், துலூஸ் பிரிவுகள் கேட்டியா என்ற ஒரே டிசைன் சாஃப்ட்வேரின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்தது. ஒயர்கள் பொருந்தவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

இம்பெல்லர் விஷயத்தில் முடிவு டிசைன் தலைவருடையது, அவர் ஒருவருடையது மட்டும். மற்றவர்கள் மாற்று யோசனை சொல்லலாம். அவர் இரண்டு நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் தராமல் இழுத்தடித்தால் பர்ச்சேஸ் தானே முடிவெடுக்கத்தான் செய்யும். அனுமதித்த மாற்றம் புது ரிவிஷன் எண்ணோடு டிராயிங்கில் ஏறட்டும். டிராயிங்குக்குப் பொருந்தாத சரக்கை ஸ்டோர்ஸ் உள்ளே எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் படம் அனுமதி ஆகாது.

ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். மாற்றத்தை யார் அனுமதித்தார் என்ற பதிவை ஐ.எஸ்.ஓ. 9001:2015 தரநிலையின் 8.3.6 பிரிவு கேட்கத்தான் செய்கிறது. ஆனால் கன்சல்டன்ட் கொடுக்கும் கோப்பு பக்கத்துக் கம்பெனிக்கு எழுதியது, பெயர் மட்டும் உங்களுடையது. ஆடிட்டரும் கட்டத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, டீ குடித்துவிட்டுப் போவார். என்ன சொல்ல!

ஒரே ஒரு இடத்தில் டிசைன் தலைவர் மட்டும் போதாது. நீர்மூழ்கி பம்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 8034-இன்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தும் மாடல் என்றால், இம்பெல்லரின் பொருளோ வடிவமோ மாறும்போது நேம்பிளேட்டில் அச்சிட்ட ஹெட் (நீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியேறும் நீரின் அளவு), எபிஷியன்சி (செயல்திறன்) மூன்றும் மாறலாம். விலை குறைந்தது, கரண்ட் குறைவாக இழுக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது. மாற்றிய பம்பை டெஸ்ட் பெட் என்ற சோதனை மேடையில் மறுபடி ஓட்டி, தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரும் கையெழுத்திட வேண்டும். லைசென்ஸுக்கு உட்பட்ட மாற்றமா என்று ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் பி.ஐ.எஸ். கிளை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். புரோக்கரை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். அலைய வைப்பார்கள், அலையுங்கள்.

நோரில் மாட்டி அனுப்பிய பம்புகளின் சீரியல் எண்களை இன்றே எடுத்து வையுங்கள்.