ஜப்பானிய மொழி: தொடங்குவதற்கு எந்தப் புத்தகம்? - கேள்வி பதில்

ஜப்பானிய மொழியைப் புதிதாகக் கற்க நினைப்போர் பாடநூல்கள் குறித்துக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிக்கப்போகிறேன். கெங்கி, மின்னா நோ நிஹோங்கோ இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: கெங்கியை வாங்குங்கள். இலக்கண விளக்கம் பாடத்துடனேயே ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது. 2020இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு ஒலிப்பதிவுகளைச் செயலியில் கேட்கலாம். மின்னாவின் முதன்மைப் புத்தகம் முழுக்க முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும். மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் தனிப் புத்தகம். அதையும் சேர்த்து வாங்காவிட்டால் முதல் பாடத்திலேயே திண்டாட வேண்டியதுதான். ஆசிரியர் கிடைத்தால் மின்னாவையே சொல்வேன். வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லவைக்கும் பயிற்சிகள் அதில் ஏராளம். கெங்கியில் பல பயிற்சிகள் இருவர் பேசிப் பழகுவதற்கானவை. கூச்சப்படாமல் இருவர் பேச்சையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: இலவசமாக முறையான பாடநூல் உண்டா?

பதில்: உண்டு. ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்ட ‘இரோதோரி’. பாடங்களையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஜப்பானில் தங்கி வேலை செய்வோரை மனத்தில் வைத்து எழுதியது என்பதால் அன்றாடச் சூழல்களே பாடங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இதிலேயே தொடங்கலாம்.

கேள்வி: எழுத்துகளைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. ஜப்பானியச் சொற்களைத் தமிழிலோ ஆங்கில எழுத்திலோ தரும் புத்தகம் போதாதா?

பதில்: போதாது. ‘கின்’ என்று தமிழில் எழுதினால் அது தங்கமா வெள்ளியா என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கத்தின் முதல் ஒலி ‘கல்’லில் வரும் வல்லொலி, வெள்ளியின் முதல் ஒலி ‘தங்கம்’ என்பதில் நடுவே வரும் மெல்லிய ககரம். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘க’தான். ஆங்கில எழுத்திலோ குறில், நெடில் வேறுபாடு பல நேரங்களில் காணாமல் போய்விடும். ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. குறில், நெடிலையும் ஒற்று இரட்டிப்பதையும் பிரித்துக் கேட்கும் காது நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதை ஏன் வீணாக்க வேண்டும்? ஜப்பானிய மொழியில் ஹிரகானா, கதகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள். ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46, கதகானாவிலும் அதே 46. 247 எழுத்துகளைப் படித்து வந்தவர்கள் நாம். முதலில் ஹிரகானா, பிறகு பாடநூல். பாடம் நடக்கும்போதே கதகானா.

கேள்வி: இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றிவளைப்பாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: விளக்கத்துக்கு முன்னால் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படித்து, சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்துப் பாருங்கள். ‘கினோ கத்த ஹொன்’: நேற்று வாங்கிய புத்தகம். வரிசை ஒரு சொல்கூட மாறவில்லை. இதையே ஆங்கிலத்தில் விளக்கப் புத்தகத்துக்குப் பல பத்திகள் தேவைப்படுகின்றன. ‘மிரு’ என்றால் பார்ப்பது. ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது, நாம் சொல்வது போலவே முயன்று பார்க்கும் பொருளில். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால் என்னும் பக்கங்களை வேகமாகத் தாண்டலாம். நிற்க வேண்டிய இடம் ‘வ’, ‘க’ என்னும் இரு இடைச்சொற்களின் வேறுபாடு. அங்கே தமிழ் முழுமையாகக் கைகொடுக்காது. அந்தப் பகுதியைப் பொறுமையாக, எல்லாப் பயிற்சிகளோடும் செய்யுங்கள்.

கேள்வி: கஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் 2136 கஞ்சிகள் இருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து பலர் முதல் மாதத்திலேயே கஞ்சி அகராதி வாங்கி அடுக்குகிறார்கள். கெங்கியின் இரண்டு பாகங்களும் சேர்ந்து கற்றுத் தருவது 317. அவற்றைச் சொற்களோடு சேர்த்து எழுதிப் பழகினாலே அடித்தளம் உறுதியாகிவிடும்.

கேள்வி: செயலி மட்டும் வைத்துப் படிக்கலாமா?

பதில்: சொற்களை நினைவில் நிறுத்தச் செயலி நல்லது, மொழியைக் கற்பிக்க அது போதாது. சொல் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவுபடுத்தும் ‘ஆன்கி’ செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். யாரோ தொகுத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்காமல், அன்றைய பாடத்தில் வந்த சொற்களுக்கு நீங்களே அட்டை எழுதுங்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (JLPT) தொடக்க நிலையான என்5 தேர்வுக்குத் தனி வழிகாட்டி தேவையா?

பதில்: கெங்கி முதல் பாகத்தை முடித்தபின் மாதிரி வினாத்தாள்களைச் செய்து பார்த்தால் போதும், அவை தேர்வின் அதிகாரபூர்வத் தளத்திலேயே கிடைக்கின்றன. இந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, கட்டுரையும் இல்லை. அதனால் வழிகாட்டி நூல்களும் அவற்றைத் தொடுவதில்லை. பேசுவதற்காகவும் படிக்கிறீர்கள் என்றால் பாடநூலின் உரையாடல்களை விட்டுவிடாதீர்கள்.