ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்கள் பந்தயப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: நான் வாங்க எண்ணியிருக்கும் ஸ்போர்ட்ஸ் காரின் பந்தய வடிவம், சாலை மாடல்களை அடிப்படையாகக் கொண்ட ஜிடி3 பிரிவில் ஓடுகிறது. இதைவிட வேகமான பிரிவுகள் இருக்கும்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஏன் இதையே நாடுகின்றன? அங்கே கிடைக்கும் வெற்றிகளை வைத்து சாலையில் ஓடும் காரை மதிப்பிடலாமா?

பதில்: எந்தப் பிரிவில் தன் கார் வேகமாக ஓடும் என்பதைவிட, அந்தக் காருக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பதையே ஒரு நிறுவனம் முதலில் கணக்கிடுகிறது. பந்தயச் செலவு முழுவதையும் விளம்பரச் செலவாகக் கருதித் தானே ஏற்பது ஒரு வழி. பந்தயக் காரைத் தயாரித்துத் தனியார் அணிகளுக்கு விற்று, உதிரிபாகங்களையும் தொழில்நுட்ப உதவியையும் தொடர்ந்து விற்பது மற்றொரு வழி. ஸ்டெஃபான் ரட்டெல் தலைமையிலான, பந்தயத் தொடர்களை நடத்தும் எஸ்ஆர்ஓ அமைப்பின் முயற்சியால் 2006இல் தொடங்கிய ஜிடி3, இந்த இரண்டாவது வழிக்காகவே அமைந்த பிரிவு. எடுத்துக்காட்டாக, 992 எனப்படும் தலைமுறையைச் சேர்ந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர் பந்தயக் கார் அறிமுகமானபோது அதன் விலை வரி நீங்கலாக 5,11,000 யூரோ. அந்தத் தொகையைக் கொடுக்கும் அணி, அதே காரை ஸ்பா, நூர்பர்க்ரிங், டேடோனா 24 மணி நேரப் பந்தயங்களிலும் பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயத்திலும் இறக்கலாம். 2024 முதல் பிரான்சின் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தின் கதவும் திறந்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற காரின் வடிவமைப்பை நிறுவனம் நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது என்பதால், வாங்கிய கார் மறு ஆண்டே பழையதாகிவிடும் என்ற அச்சமும் அணிகளுக்குக் குறைவு.

பிஎம்டபிள்யூவின் போக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018 முதல் 2021 வரை அது களமிறக்கிய எம்8 ஜிடிஇ, ஜிடி3ஐ விடச் செலவு மிக்க ஜிடிஇ பிரிவில் நிறுவனம் தன் செலவில் நடத்திய கார். அடுத்து வந்த எம்4 ஜிடி3, பல நாடுகளின் தனியார் அணிகள் காசு கொடுத்து வாங்கி ஓட்டும் கார்.

ஜிடி3இன் இன்னொரு ஈர்ப்பு, ‘பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’ எனப்படும் சமன்செய்யும் விதி. போட்டியை நடத்துவோர் ஒவ்வொரு மாடலின் வேகத்தையும் அளந்து, குறைந்தபட்ச எடை, எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவு அல்லது டர்போவின் அழுத்தம் போன்றவற்றை மாற்றி, எல்லாக் கார்களையும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பந்தயத்துக்கே பொருந்தாது எனத் தோன்றும் காரையும் இதனால் துணிந்து களமிறக்க முடிகிறது. சாலையில் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள, நான்கு சக்கர இயக்கம் கொண்ட பென்ட்லி கான்டினென்டல், எடை வெகுவாகக் குறைக்கப்பட்டு, பின்சக்கர இயக்கத்துக்கு மாற்றப்பட்டு, 2020இல் பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி சாலையில் 4 லிட்டர் டர்போ எஞ்சினுடன் விற்பனைக்கு வந்தது. அதன் ஜிடி3 வடிவத்திலோ டர்போ இல்லாத 6.2 லிட்டர் வி8 எஞ்சின் இருக்கிறது. உச்ச வேகத்தை விதியே கட்டுப்படுத்தும்போது, அதிகத் திறனைத் தேடுவதைவிடப் பழுதின்றி நெடுநேரம் உழைக்கும் எஞ்சினைப் பொருத்துவதே வணிகப் புத்தி.

இத்தகைய கட்டுப்பாடு தளர்ந்தால் என்னவாகும் என்பதற்கு 1990களின் ஜிடி1 பிரிவு சாட்சி. பந்தயத்துக்கென்றே காரை உருவாக்கிவிட்டு, விதியை நிறைவேற்றும் பொருட்டு மட்டும் சில சாலைக் கார்களைச் செய்த காலம் அது. 1998இல் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) ஜிடி தொடரின் எல்லாச் சுற்றுகளையும் மெர்சிடிஸே வென்றது; போட்டியாளர்கள் விலகினர், அடுத்த ஆண்டு அந்தப் பிரிவே இல்லை. ஜிடிஇ அவ்வளவு விரைவாக வீழவில்லை என்றாலும் செலவு அதையும் விடவில்லை. லு மான்ஸும் இடம்பெறும் உலக எண்டியூரன்ஸ் (நெடுநேரப் பந்தய) தொடரில், தொழில்முறை ஓட்டுநர்களுக்கான 2022ஆம் ஆண்டின் ஜிடிஇ ப்ரோ பிரிவில் ஃபெராரி, போர்ஷே, கார்வெட் ஆகிய மூன்று பெயர்களே முழு ஆண்டும் எஞ்சியிருந்தன. 2024இல் அந்த இடத்துக்கு ஜிடி3 வந்ததும் ஒன்பது நிறுவனங்களின் கார்கள் வரிசையில் நின்றன.

லு மான்ஸ் போன்ற பந்தயங்களின் மேல் பிரிவுக்குச் செல்லும் நிறுவனங்களின் நோக்கம் வேறு. அந்தப் பிரிவின் இரு விதிகளில் ஒன்றான எல்எம்டிஎச்சின்கீழ், அங்கீகாரம் பெற்ற நான்கு தயாரிப்பாளர்களில் ஒருவரிடமிருந்து அடிச்சட்டத்தை வாங்கி, எல்லோருக்கும் பொதுவான ஹைப்ரிட் அமைப்பைப் பொருத்தி, எஞ்சினையும் வெளித்தோற்றத்தையும் மட்டும் தனதாக்கிக்கொண்டால் போதும். போர்ஷே 963 இந்த வகை. ஃபெராரி அதிகச் செலவுள்ள மற்றொரு விதியான எல்எம்எச் வழியில் 499பி காரை உருவாக்கி 2023இல் லு மான்ஸை வென்றது. இவை சாலைக் காரிலிருந்து பிறந்தவை அல்ல. அவை நிறுவனத்தின் பெயரை விளம்பரப்படுத்தும். ஜிடி3 பிரிவோ, மாடலின் பெயரை விளம்பரப்படுத்தும். ஒரு குறிப்பிட்ட காரை விற்க நினைப்பவருக்கு இரண்டாவதே பயனுள்ளது.

ஆகவே, ஜிடி3 வெற்றியை உங்கள் காரின் வேகத்துக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். அந்த வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது விதி. அணியின் திறமையும் டயர்களைப் பேணும் முறையும் அங்கே பெரும்பங்கு வகிக்கின்றன. விற்பனையாளர் பந்தயப் பெருமை பேசும்போது, எஞ்சின், கியர்பாக்ஸ், அடிச்சட்டம் ஆகியவற்றில் எது இரண்டு கார்களுக்கும் பொதுவானது என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள்ளும் விடை மாறும்: 911 ஜிடி3 ஆர் காரில் எஞ்சின் சாலைக் காரைப் போலவே பின்அச்சுக்குப் பின்னால் இருக்கிறது, 2017இல் வந்த 911 ஆர்எஸ்ஆர் ஜிடிஇ காரிலோ அதைப் பின்அச்சுக்கு முன்னால் நகர்த்தினார்கள். நீங்கள் வாங்கப்போகும் மாடலுக்கு ஜிடி4 வடிவமும் இருந்தால், அது நெடுநேரப் பந்தயங்களில் எப்படித் தாக்குப்பிடித்தது என்று பாருங்கள். அந்தப் பிரிவில் மாற்றங்களுக்கு இடம் குறைவு. ஜிடி3ஐ விடச் சாலைக் காருக்கு மிக நெருக்கமான எஞ்சினும் உடற்கூடும் அங்கேதான் ஓடுகின்றன.