மேனேஜருக்கு பேஸ்பால் படம் வாங்கப் போகும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிட்ஸ்பர்க் வந்து மூன்று மாதம் ஆகிறது. உங்கள் மேனேஜர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். எல்லாரும் சேர்ந்து 300 டாலர் போட்டு, பழைய பேஸ்பால் வீரர் ஒருவரின் ஓவிய அச்சு, அந்த லிமிடெட் எடிஷன் என்கிறார்களே, அதை வாங்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும், பேப் ரூத் என்ற ஒரு பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அவர் படத்தையே வாங்கிவிடலாமா, ஏமாறாமல் வாங்குவது எப்படி என்பது கேள்வி.

நான் இந்த ஊருக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. அதில் 11 வருஷம் ஒரு பிரேம் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் படம், பட்டமளிப்புச் சான்றிதழ் எல்லாம் வரும். ஆனால் வாரத்துக்கு நாலைந்து பேராவது பேஸ்பால் படத்தோடுதான் வந்து நிற்பார்கள். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் பேப் ரூத்தை விட்டுவிடுங்கள். அவர் பெரிய ஆட்டக்காரர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் நியூயார்க் யாங்கீஸ்காரர். மதுரையில் பிறந்து வளர்ந்த ஒருவரின் வழியனுப்பு விழாவில் மீனாட்சியம்மன் படத்தை விட்டுவிட்டு, 'எல்லாருக்கும் தெரிந்தது' என்று தாஜ்மஹால் படத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? மேனேஜர் இந்த ஊரிலேயே பிறந்தவர், 65 வயது ஆகிறது என்கிறீர்கள். அப்புறம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அவர் மேசையில் 21 என்று பெரிதாக எழுதிய பழைய காப்பிக் குவளை இருக்கிறது, அதில்தான் பேனா எல்லாம் போட்டு வைப்பார் என்று. உங்களுக்கு வேண்டிய பதில் அந்தக் குவளையிலேயே இருக்கிறது.

இந்த ஊரில் 21 என்றால் ராபர்ட்டோ கிளெமென்ட்டே. 1955 முதல் 1972 வரை இந்த ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸுக்காக, 21 என்ற சட்டை எண்ணோடு ஆடியவர். புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர். தாய்மொழி ஸ்பானிஷ், நிறம் கறுப்பு. அந்தக் காலத்து அமெரிக்காவில் இரண்டுமே சுமைதான். பத்திரிகைக்காரர்கள் அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே கொச்சையாக எழுதி அச்சடித்தார்கள். பெயரையும் மாற்றினார்கள். அறுபதுகளில் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆட்டக்காரர் பட அட்டைகளை எடுத்துப் பாருங்கள், 'பாப் கிளெமென்ட்டே' என்றுதான் இருக்கும். அவர் ஒருநாளும் அதை ஏற்கவில்லை. என் பெயர் ராபர்ட்டோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் பெயரையும் அலுவலகத்தில் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது.

1971இல் உலகத் தொடர் என்கிற இறுதிப் போட்டித் தொடரில் பால்டிமோர் அணியை ஏழு ஆட்டம் ஆடி வென்றார்கள். ஏழிலும் கிளெமென்ட்டே ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது எட்டினார். வெற்றி பெற்றதும் தொலைக்காட்சி மைக்கை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்னால் ஸ்பானிஷில் இரண்டு வார்த்தை பேசி, ஊரிலிருந்த அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார். அடுத்த வருஷம் செப்டம்பர் 30 அன்று தன் 3000ஆவது ஹிட்டை அடித்தார். லீக் ஆட்டங்களில் அதுவே அவருடைய கடைசி ஹிட்டாகவும் ஆகிவிட்டது. அந்த டிசம்பரில் நிகராகுவாவில் பூகம்பம். நிவாரணப் பொருட்களோடு டிசம்பர் 31 இரவு கிளம்பிய விமானம் கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி 1973இலேயே ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலில், சேர்த்தார்கள்.

உங்கள் மேனேஜருக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. 1973 புத்தாண்டு காலையில் அவர் வீட்டு ரேடியோவில் அந்தச் செய்தி வந்திருக்கும். அந்த வயதுக்காரர்கள் கடைக்கு வந்து கிளெமென்ட்டே படத்தை விரித்து வைக்கும்போது முதலில் பிரேமின் விலையைக் கேட்க மாட்டார்கள். "எங்கப்பா என்னை ஃபோர்ப்ஸ் ஃபீல்டுக்குக் கூட்டிப் போனார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த மைதானம் 1970இல் மூடப்பட்டது. ஆனால் வெளிச்சுவரில் ஒரு துண்டு இந்த ஊரின் ஓக்லண்ட் பகுதியில் இன்னும் நிற்கிறது. அடிப்பவர் நிற்கும் இடத்தில் பதித்திருந்த ஹோம் பிளேட் என்ற பலகையை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் போஸ்வார் ஹாலில் தரையோடு பதித்துக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். படம் வாங்குவதற்கு முன்னால் ஒரு மதிய நேரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இருந்தாலும் குவளையை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். அவர் மனைவியிடமோ பழைய சக ஊழியரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். இதே படம் ஏற்கெனவே வீட்டில் இருக்கலாம். அப்படியென்றால் அவருடைய இளவயதுக் காலத்து பைரேட்ஸ் வீரர் வில்லி ஸ்டார்ஜெல் நல்ல தேர்வு. 1979 உலகத் தொடர் வெற்றிக்குத் தலைமை தாங்கியவர். இப்போதைய மைதானமான பிஎன்சி பார்க்கில் பைரேட்ஸ் முதல் லீக் ஆட்டம் ஆடிய 2001 ஏப்ரல் 9 அன்றே இறந்துபோனார். அதற்கும் முந்தைய காலத்து பைரேட்ஸ் வீரர் ஹோனஸ் வாக்னரும் உண்டு. இங்கே கார்னெகியில் பிறந்த, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜெர்மன் குடியேறியின் பிள்ளை.

வாக்னரைச் சொன்னதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்திருக்கிறேன். இங்கே நூறு வருஷத்துக்கு முன்னால் சிகரெட் பெட்டிக்குள் ஆட்டக்காரர் படத்தை வைத்து விற்றார்கள். கல்லச்சில் அடித்த சின்ன வண்ண அட்டைகள். 1909 முதல் 1911 வரை வந்த அந்த வரிசையில் வாக்னர் தன் படத்தைப் போட ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் புகையிலை வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்பது ஒரு பேச்சு, பணம் பேசி முடியவில்லை என்பது இன்னொரு பேச்சு. வெளியே போன கொஞ்ச அட்டைகளில் ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டை அது.

இதைக் கேட்டுவிட்டு, நாம் வாங்கும் படமும் நாளைக்கு விலை ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்த அட்டையை யாரும் சேர்த்து வைக்க வேண்டும் என்று அச்சடிக்கவில்லை, அதனால்தான் அரிதானது. சேர்த்து வைப்பதற்கென்றே 500, 1000 என்று அடித்த படங்கள் பெரும்பாலும் வாங்கின விலைக்குக்கூடத் திரும்பப் போகாது. 11 வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இதை முதலீடாக நினைத்து வாங்காதீர்கள். சுவரில் மாட்டிப் பார்க்க வாங்குங்கள்.

சரி, ஏமாறாமல் வாங்குவதற்கு வருகிறேன். படத்தின் அடி ஓரத்தில் பென்சிலில் 214/500 என்பதுபோல எழுதியிருக்கும். மொத்தம் 500 பிரதி, இது 214ஆவது, அவ்வளவுதான். சின்ன எண் என்றால் உசத்தி என்பார்கள். இன்றைய அச்சு முறையில் முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் வித்தியாசம் கிடையாது. ஒன்றுக்கு மட்டும் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள்: ஆட்டக்காரரின் சட்டை எண்ணும் பிரதி எண்ணும் ஒன்றாக இருந்தால். கிளெமென்ட்டே படத்தில் 21/500 கிடைத்தால், பத்து இருபது டாலர் கூடப் போனாலும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேனேஜர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

எண்ணும் ஓவியரின் கையெழுத்தும் உண்மையில் பென்சிலா, அல்லது படத்தோடு சேர்த்து அச்சடித்ததா என்று பார்க்க, படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பென்சில் கோடு லேசாக மினுங்கும். ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டு போங்கள். சாதாரண ஆஃப்செட் அச்சென்றால் வண்ணப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகக் குட்டிப் பூ மாதிரி தெரியும், நம் ஊர் காலண்டரில் தெரிவதுபோலவே. சில்க் ஸ்கிரீன் என்றால் புள்ளியே இருக்காது, மை தட்டையாக, கெட்டியாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஜிக்லே என்பார்கள், நல்ல இங்க்ஜெட் அச்சு, அதில் புள்ளிகள் தூறல் தெளித்தது மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். ஆஃப்செட் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆஃப்செட்டை சில்க் ஸ்கிரீன் விலைக்கு விற்றால் வாங்கக் கூடாது. கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டுமானால் இந்த ஊர்க்காரரான ஆண்டி வார்ஹோலின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், சில்க் ஸ்கிரீன் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆற்றின் மேல் அவர் பெயரில் ஒரு பாலம் இருக்கிறது, அதற்கு அடுத்த பாலம்தான் கிளெமென்ட்டே பாலம். ஆட்டம் இருக்கும் நாளில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்கள் அதில் நடந்தே மைதானத்துக்குப் போவார்கள்.

ஆட்டக்காரரே கையெழுத்துப் போட்ட படம் என்று யாராவது சொன்னால், உங்கள் தொகைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். 1990களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் எஃப்.பி.ஐ. ஒரு கள்ளக் கையெழுத்துக் கும்பலையே பிடித்தது, பேப் ரூத் கையெழுத்தைக்கூட விட்டுவைக்கவில்லை அவர்கள்.

எனக்கும் இது நடந்தது. வந்த நாலாவது வருஷம், பிரேம் கடையில் சேருவதற்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களுக்குச் செய்த உதவிகளுக்காக அவருக்குக் கிளெமென்ட்டே கையெழுத்துப் போட்ட படம் ஒன்றை 180 டாலருக்கு இணையத்தில் வாங்கிக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாக வாங்கி ஹாலில் மாட்டினார். பல வருஷம் கழித்து, கண்ணாடி விரிசல் விட்டதால் மாற்றித் தருகிறேன் என்று கடைக்கு எடுத்து வந்து பிரித்தபோது, பிரேமுக்குள் மறைந்திருந்த ஓரத்தில் பொடி எழுத்தில் காப்புரிமை ஆண்டு 1994 என்று இருந்தது. கிளெமென்ட்டே இறந்தது 1972. கை நடுங்கிவிட்டது எனக்கு. திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னேன். பெரியவருக்குக் கையெழுத்தைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நீ கொடுத்தது என்று மாட்டினேன், அதே இடத்தில் மாட்டு என்றார். ஆகவே தம்பி, படம் அச்சான ஆண்டையும் ஆட்டக்காரர் இறந்த ஆண்டையும் முதலில் சேர்த்துப் பாருங்கள்.

எங்கே வாங்கலாம்? சனிக்கிழமை காலையில் ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் போய்ப் பாருங்கள். பென் அவென்யூ நெடுகக் கடைகள் இருக்கும், அப்படியே இந்த ஊர் ஓவியர்கள் யாரெல்லாம் பேஸ்பால் வரைகிறார்கள் என்று விசாரியுங்கள். உயிரோடு இருக்கும் ஓவியரிடம் நேரில் வாங்கினால், கையெழுத்து உண்மையா என்ற கேள்வியே எழாது. பெரிய பெயர் வேண்டுமென்றால் டிக் பெரெஸ் வரைந்தவற்றைத் தேடலாம். நீண்ட காலம் ஹால் ஆஃப் ஃபேமின் அதிகாரபூர்வ ஓவியராக இருந்தவர், அவரும் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 1980இல் தொடங்கி ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டக்காரர்களை அஞ்சலட்டை அளவில் வரைந்து வெளியிட்டார்கள். சின்ன அட்டை, ஆனால் படத்தைச் சுற்றி பெரிய மேட், அதாவது அட்டை ஓரம், வைத்து பிரேம் போட்டால் அவ்வளவு அழகாக இருக்கும்.

300 டாலரையும் படத்துக்கே செலவழித்துவிடாதீர்கள். பிரேம் போடப் படத்தைவிடக் கூட ஆகும் இங்கே. படத்துக்கு 120, 130க்குள் முடித்துக்கொள்ளுங்கள். 16க்கு 20 அல்லது 18க்கு 24 அங்குலம் என்றால் தயார் பிரேம் கிடைக்கும், செலவு குறையும். கடைக்காரரிடம் அமிலமில்லாத மேட் போர்டு, புற ஊதா தடுக்கும் கண்ணாடி, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். படத்தைப் பலகையில் பசை போட்டு ஒட்டச் சொல்லாதீர்கள், ஓரத்தையும் வெட்ட விடாதீர்கள். எண்ணும் கையெழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. நம் வீட்டில் கொண்டையராஜு வரைந்த சாமி படக் காலண்டரை, வருஷம் முடிந்ததும் அப்பா அடியில் வெட்டித்தான் பிரேம் போடுவார். அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

வாழ்த்தைப் படத்தின் மேல் எழுதக் கூடாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. படத்தைச் சுற்றி வரும் மேட்டை மூன்று நாலு அங்குல அகலத்தில், வெள்ளையாக வெட்டித் தரச் சொல்லுங்கள். பிரேமுக்குள் போவதற்கு முன்னால் அந்த மேட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கையெழுத்தை முழுப் பெயராக, தமிழிலேயே போடுங்கள். கிளெமென்ட்டே ரசிகர் அதைப் புரிந்துகொள்வார், கேட்டால் எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக் கொடுங்கள். பேனா மட்டும் மங்காத கறுப்பு மையாக இருக்கட்டும், ஓவியப் பொருள் விற்கும் கடையில் பிக்மென்ட் மை பேனா என்று கேட்டால் மூன்று நாலு டாலருக்குத் தருவார்கள். சாதாரண பால்பாயிண்ட் என்றால் சில வருஷத்தில் வெளுத்துவிடும்.