ஒன்பது வயதில் அடுப்படியா?

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயது. லீவு விட்டால் போதும், 'நானும் சமைக்கிறேம்மா' என்று அடுப்படியிலேயே நிற்கிறான். எனக்கு நெருப்பை நினைத்தால் பயம். மாமியாரோ, 'ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகி ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கண்டிப்பாகக் கற்றுக்கொடுங்கள், அதுவும் அவனாகக் கேட்கிற இந்த வயதிலேயே. பத்தாவது, பன்னிரண்டாவது வந்தால் டியூஷன், டெஸ்ட் என்று ஓடிவிடும், அப்புறம் நீங்கள் கூப்பிட்டாலும் வர மாட்டான். கல்யாண வீட்டில் அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுவது பெரும்பாலும் ஆண்கள்தானே, மாமியாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

நெருப்புப் பயம் நியாயம்தான். அதனால் நெருப்பில் ஆரம்பிக்க வேண்டாம். முதுநகர் துறைமுகம் உங்களுக்குப் பக்கம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போய் அவனையே நெத்திலி வாங்கச் சொல்லுங்கள். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கோடை லீவும் அப்போதுதான் வருகிறது, விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.) நெத்திலிக்குக் கத்தியே தேவையில்லை. இரண்டு விரலால் தலையைக் கிள்ளி மெதுவாகக் கீழே இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அப்புறம் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலச வேண்டியதுதான். வயிறு உடைந்ததையும் வாடை அடிப்பதையும் ஒதுக்க அதிலேயே பழகிவிடுவான்.

முக்கியமாக ஒன்று, எடுபிடி வேலைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். வெங்காயம் உரி, தேங்காய் துருவு என்றே சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டு நாளில் அலுத்துவிடும். ஒரே ஒரு குழம்பானாலும் வாங்குவது முதல் பரிமாறுவது வரை அவன் பொறுப்பாக இருக்கட்டும். எலுமிச்சை அளவு புளியை ஊற வைத்துக் கரைப்பது, உப்பு பார்ப்பது எல்லாம் அவனே. உப்பைக் குறைத்துப் போட்டு, கொதித்து வற்றிய பிறகு ருசி பார்க்கச் சொல்லுங்கள், குழம்பு வற்ற வற்ற உப்பு தூக்கும் என்பது நாக்கில் பட்டால்தான் புரியும். நெத்திலியைக் கடைசியில் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றுவோமே, அதை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

அடுப்பு மேடை அவன் இடுப்பளவுக்கு வரும்வரை அடுப்பு உங்கள் கையில்தான். ஸ்டூல் போட்டு ஏற்றவே வேண்டாம். தாளிப்பு, பொரிப்பு, குக்கர் எல்லாம் வளர்ந்த பிறகு. ஆனால் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடி போட்டு மூட வேண்டும் என்பதையும், கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள். கையில் சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பேஸ்ட், இங்க் எதுவும் தடவாதீர்கள்.

முதல் குழம்பு கொஞ்சம் புளிக்கலாம். யாரும் முகம் சுளிக்காமல், அடுத்த தடவை புளியை எவ்வளவு குறைக்கலாம் என்று அவனையே கேளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் சட்டி கழுவுவதும் அவன் வேலைதான், அதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள்.